நானோ அளவு மேற்பரப்பும் விலங்குச் செல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல் வளர்ப்பில் ஓரளவு கைப்பழக்கம் உள்ளவர்கள், நானோ அளவில் மேடுபள்ளம் செதுக்கிய பரப்புகளில் முதன்முறையாகச் செல்களை விதைக்கும்போது எழும் கேள்விகள் இவை.

செல்லின் அளவே மைக்ரான் கணக்கு. நானோமீட்டர் மேடுபள்ளம் அதற்கு எப்படித் தெரிகிறது?

செல் தன் உடம்பு முழுவதாலும் தரையைப் பிடிப்பதில்லை. நன்றாகப் பரந்து ஒட்டிய ஒரு ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசுச் செல்) 50 முதல் 100 மைக்ரான் நீளம் இருக்கும். ஆனால் தரையைப் பற்றியிருப்பவை அதன் சவ்வில் உள்ள இன்டெக்ரின் புரதங்கள். ஓர் இன்டெக்ரினின் தலை சுமார் 10 நானோமீட்டர்தான். ஒன்றிரண்டு பற்றினால் போதாது. பல இன்டெக்ரின்கள் நெருங்கிக் கொத்தானால்தான் டாலின், வின்குலின் போன்ற புரதங்கள் உள்ளே வந்து சேர்ந்து, ஆக்டின் இழைகளோடு கட்டி, உறுதியான ஒட்டுப்புள்ளி உருவாகும்.

இந்த நெருக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஜெர்மனியில் யோவாக்கிம் ஸ்பாட்ஸ் குழுவினர் 2004-இல் இதை அளந்து காட்டினார்கள். ஒவ்வொன்றிலும் ஓர் இன்டெக்ரின் மட்டுமே பற்றக்கூடிய அளவுக்குச் சிறிய தங்கப் புள்ளிகளை வரிசையாகப் பதித்து, இடைவெளியை மட்டும் மாற்றினார்கள். 28, 58 நானோமீட்டர் இடைவெளியில் செல்கள் நன்றாக ஒட்டின. 73, 85 நானோமீட்டரில் ஒட்டல் தளர்ந்துபோனது. வெறும் 15 நானோமீட்டர் வேறுபாடு செல்லின் போக்கையே மாற்றிவிடுகிறது. இந்தத் துறையில் மனப்பாடமாக வைத்துக்கொள்ளத் தகுந்த எண் ஒன்று இருக்கிறதென்றால் அது இந்த 60-70 நானோமீட்டர்தான்.

இன்டெக்ரின் தவிர வேறு இரண்டு உணர்விகளும் உண்டு. செல்லின் விளிம்பிலிருந்து நீளும் ஃபிலோபோடியா என்ற விரல்கள் 100 முதல் 300 நானோமீட்டர் தடிமன் கொண்டவை. அவை முன்னால் துழாவிப் பார்த்துக்கொண்டே போகும். அடுத்தது சவ்வின் வளைவு. கூரான தூணின் மேல் சவ்வு வளையும்போது, வளைவை உணரும் புரதங்கள் அங்கே வந்து குவிகின்றன. வளைவின் ஆரம் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே போனால், செல் வெளிப்பொருள்களை உள்ளிழுக்கும் கிளாத்ரின் வழி அந்த இடங்களில் முனைப்பாகிறது.

இது புதிய கண்டுபிடிப்பா?

இல்லை. ராஸ் ஹாரிசன் 1911-லேயே கருச்செல்களைச் சிலந்தி வலை இழைகளில் வளர்த்து, அவை இழையின் வழியே நீள்வதைக் கண்டார். வடிவம் வழிகாட்டும் இந்த நடத்தைக்கு 'தொடுகை வழிகாட்டல்' என்ற பொருளில் பெயர் வைத்தவர் பால் வைஸ், 1945-இல். புதிதாக வந்தது, நானோமீட்டர் துல்லியத்தில் வடிவம் செதுக்கும் வசதி மட்டுமே.

வரப்பும் வாய்க்காலுமாக உள்ள பரப்பில் அகலம் முக்கியமா, ஆழம் முக்கியமா?

இரண்டும் முக்கியம். ஆனால் ஒன்றைத்தான் மாற்ற முடியும் என்றால் ஆழத்தை மாற்றுங்கள். அகலத்தை நிலையாக வைத்து ஆழத்தைக் கூட்டினால் செல்கள் ஒரே திசையில் நீள்வது சீராக ஏறும். ஆழத்தை நிலையாக வைத்து அகலத்தை மட்டும் மாற்றினால் விளைவு அவ்வளவு தெளிவாக இராது. ஃபைப்ரோபிளாஸ்ட்களுக்கு ஏறத்தாழ 35 நானோமீட்டர் ஆழமே கீழ் எல்லை என்று அளவீடுகள் காட்டியுள்ளன. அதற்கும் குறைந்தால் தட்டையான தரையில் நடப்பதுபோலத்தான் நடந்துகொள்ளும். மனிதக் கருவிழி எப்பிதீலியச் செல்களோ 600 நானோமீட்டர் ஆழ வாய்க்கால்களில், 70 நானோமீட்டர் அகல வரப்புகளின் மேல்கூட நீண்டு வரிசையாகின்றன.

எல்லாச் செல்லும் வரப்பின் வழியே போகும் என்று எண்ண வேண்டாம். எலி மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதி நரம்புச் செல்கள், ஆழமும் அகலமும் குறைந்த வாய்க்கால்களில் நீட்சிகளைக் குறுக்காக வளர்த்த சான்று உண்டு. ஒரு செல் வகையில் கிடைத்த முடிவை இன்னொன்றுக்கு அப்படியே பொருத்துவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு.

குழிகளின் அளவு ஒன்றாக இருந்தும் அடுக்கு மாறினால் விளைவு மாறுமா?

மாறும். 120 நானோமீட்டர் விட்டம், 100 நானோமீட்டர் ஆழம், சராசரி 300 நானோமீட்டர் இடைவெளி என்ற குழிகளை எடுத்துக்கொள்வோம். அவை சரியான சதுர அடுக்கில் இருந்தால், மனித மீசன்கைமல் ஸ்டெம் செல்கள் (எலும்பு, கொழுப்பு போன்ற திசுக்களாக மாறக்கூடியவை) பல வாரங்களுக்குத் தங்கள் ஸ்டெம் தன்மையை இழக்காமல் இருந்தன. அதே குழிகளை ஒவ்வொன்றும் 50 நானோமீட்டர் வரை தாறுமாறாக நகர்த்தி அமைத்தபோது, எலும்பாக்கத் தூண்டும் வேதிப்பொருள் எதுவும் சேர்க்காமலேயே எலும்புத் தாது படிந்தது. இரண்டாவது முடிவு 2007-இல் மாத்யூ டால்பி குழுவினர் வெளியிட்டது. சதுர அடுக்கு பற்றியது 2011-இல் வந்தது.

இதன் நடைமுறைப் பொருள்: 'சராசரிக் கரடுமுரடு இவ்வளவு' என்ற ஒற்றை எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மேடுகள் கொண்ட பரப்பும் அதை அப்படியே கவிழ்த்தது போன்ற குழிகள் கொண்ட பரப்பும் ஒரே சராசரி எண்ணைத் தரும். செல்லுக்கோ இரண்டும் வேறு உலகம். விட்டம், ஆழம், இடைவெளி, ஒழுங்கு, விளிம்பின் கூர்மை ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள்.

டைட்டானியம் ஆக்ஸைடு நானோகுழாய்களில் ஒரு குழு 15 நானோமீட்டர் சிறந்தது என்கிறது, இன்னொன்று 70-100 என்கிறது. யார் சொல்வது சரி?

இரண்டு தரப்பும் தங்கள் பரப்பைப் பற்றிச் சரியாகத்தான் சொல்கின்றன. ஒரு வரிசை ஆய்வுகளில் 15 நானோமீட்டர் விட்டக் குழாய்களில் ஒட்டலும் பெருக்கமும் உச்சத்தில் இருந்தன. 100 நானோமீட்டரில் செல்கள் ஒட்ட முடியாமல் செத்தன. மற்றொன்றில் 30 நானோமீட்டரில் ஒட்டல் நன்றாக இருந்தது. 70-100 நானோமீட்டரில் ஸ்டெம் செல்கள் நீண்டு எலும்புச் செல் திசையில் மாறின.

விட்டத்தை மட்டும் பார்த்தால் முரண். ஆனால் பரப்புகள் ஒன்றல்ல. குழாயைச் சூடேற்றிப் படிகமாக்கினார்களா, குழாயை வளர்த்த மின்பகுளிக் கரைசலிலிருந்து வந்த ஃப்ளோரின் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, எந்த முறையில் கிருமிநீக்கம் செய்தார்கள், செல் எந்த விலங்கினுடையது, ஊடகத்தில் சீரம் (இரத்தத்தின் தெளிநீர்) எவ்வளவு என்று ஒவ்வொன்றும் முடிவை நகர்த்தும். தனியே விட்டு உலர்த்திய நானோகுழாய்கள் நாள்பட நாள்படக் காற்றிலிருந்து ஹைட்ரோகார்பன் படிந்து நீரை விலக்கத் தொடங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நேற்று செய்த 100 நானோமீட்டர் குழாயும் மூன்று வாரம் பெட்டியில் கிடந்த 100 நானோமீட்டர் குழாயும் ஒரே பரப்பல்ல. ஒப்பிட வேண்டிய மாதிரிகள் எல்லாம் ஒரே வயதில் இருக்கட்டும்.

அப்படியானால் நான் பார்ப்பது வடிவத்தின் விளைவா, வேதியியலின் விளைவா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

செல் வெறும் பிளாஸ்டிக்கையோ டைட்டானியத்தையோ தொடுவதே இல்லை. சீரம் கலந்த ஊடகம் பட்ட சில நொடிகளிலேயே புரதங்கள் படிந்துவிடும். முதலில் அளவில் அதிகமான ஆல்புமின் வரும். பிறகு ஃபைப்ரோநெக்டின், விட்ரோநெக்டின் போன்ற ஒட்டுப்புரதங்கள் அதை இடம்பெயர்க்கும். நானோ வடிவம் பரப்பளவையும் நீரொட்டும் தன்மையையும் மாற்றுவதால், எந்தப் புரதம் எவ்வளவு, எந்த நிலையில் படிகிறது என்பதும் மாறும். எனவே 'வடிவம் செய்தது' என்று நாம் எழுதுவதில் ஒரு பகுதி, வடிவம் மாற்றிய புரதப் படலம் செய்தது.

இதைப் பிரித்தறியச் சில வழிகள் உண்டு. ஒப்பீட்டு மாதிரி அதே பொருளில், அதே நாளில், அதே அச்சு, அதே கழுவல், அதே பிளாஸ்மா (மின்னேற்றிய வாயு) வழியாக வந்த தட்டைப் பரப்பாக இருக்க வேண்டும். கடையில் வாங்கிய செல் வளர்ப்புத் தட்டு ஒப்பீட்டு மாதிரியாகாது. அதன் மேற்பரப்பு ஏற்கெனவே பிளாஸ்மாவால் மாற்றப்பட்டது. எக்ஸ்-கதிர் ஒளிமின்னணு நிறமாலையில் தட்டையும் வடிவமும் ஒரே தனிம விகிதம் காட்டுகின்றனவா என்று பாருங்கள். இரண்டின் மேலும் 10 நானோமீட்டர் டைட்டானியம் படலம் பூசிச் சமப்படுத்துவது நல்ல உத்தி, வடிவம் 50 நானோமீட்டருக்கு மேல் இருந்தால் மட்டும். அதைவிடச் சிறியதென்றால் படலமே பள்ளத்தைத் தூர்த்துவிடும். ஒட்டலின் முதல் ஒரு மணி நேரத்தை மட்டும் ஆராய்வதானால், இரு பரப்பிலும் ஃபைப்ரோநெக்டின் பூசி, சீரம் இல்லாத ஊடகத்தில் செய்து பாருங்கள்.

பெரிய கருவி இல்லாமல் நானோ வாய்க்கால் பரப்பு செய்ய முடியுமா?

முடியும். எழுதாத டிவிடி-ஆர் தட்டின் தடங்கள் 740 நானோமீட்டர் இடைவெளி கொண்டவை. தட்டு இரண்டு பிளாஸ்டிக் அடுக்குகளை ஒட்டிச் செய்தது. விளிம்பில் கத்தி நுனியை நுழைத்துப் பிளந்தால் தடம் பதிந்த முகம் கிடைக்கும். மேலுள்ள சாயத்தை எத்தனாலில் கழுவுங்கள். தடம் சுருளாகச் சென்றாலும், நுண்ணோக்கியின் ஒரு படத்துக்குள் வளைவு அற்பம். ஆனால் 1 சென்டிமீட்டர் துண்டின் இரு முனைகளுக்கிடையே திசை 10 டிகிரி அளவுக்கோ அதற்கு மேலோ திரும்பும். அதனால் கோணம் அளக்கும்போது ஒவ்வொரு படத்திலும் தடத்தின் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதை அச்சாக வைத்துச் சிலிகோன் ரப்பரான பிடிஎம்எஸ்ஸில் படியெடுக்கலாம். அடிப்பொருள் 10 பங்கு, இறுக்கி 1 பங்கு, எடையில். நன்றாகக் கலக்கி, வெற்றிடத்தில் குமிழ் அடங்கும்வரை 30 நிமிடம் வைத்து, அச்சின் மேல் ஊற்றி, 60-65 டிகிரியில் இரவு முழுதும் விடவும். அச்சும் பிளாஸ்டிக் என்பதால் வெப்பத்தைக் கூட்ட வேண்டாம். உரிக்கும்போது வாய்க்காலுக்குக் குறுக்காக இழுக்காமல், அதன் நீளவாக்கில் உரிக்கவும். பிறகு ஓர் இரவு எத்தனாலில் ஊறப்போட்டு உலர்த்தினால் இறுகாமல் மிஞ்சிய சிறு மூலக்கூறுகள் ஓரளவு வெளியேறும். இதைத் தவிர்த்தால் அவை ஊடகத்தில் கசிந்து செல்லைக் குழப்பும்.

சாதாரண பிடிஎம்எஸ் மிருதுவானது. சில நூறு நானோமீட்டருக்குக் கீழான உயர்ந்த, மெலிந்த வரப்புகள் ஒன்றோடொன்று சாய்ந்து ஒட்டிக்கொள்ளும், கூர்மூலைகள் மழுங்கும். அந்த அளவுக்குக் கடினவகைப் பிடிஎம்எஸ் அல்லது பாலிஸ்டைரீனில் வெப்ப அச்சு எடுங்கள்.

டைட்டானியக் குழாய்களை மின்பகுப்பு மூலம் வளர்ப்பதில் விட்டத்தை நிர்ணயிப்பது முக்கியமாக மின்னழுத்தம். பாஸ்போரிக் அமிலத்தில் சிறிதளவு ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் கலந்த நீர்க்கரைசலில் 1 முதல் 20 வோல்ட் வரை போனால், ஏறத்தாழ 15 முதல் 100 நானோமீட்டர் வரை விட்டம் கிடைக்கும். 450 டிகிரியில் சூடேற்றினால் அனடேஸ் என்ற படிக வடிவமாகும், ஃப்ளோரினும் குறையும். ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் தோலில் பட்ட உடனே வலிக்காமலும் இருக்கலாம்; உள்ளே ஊடுருவிக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் குப்பியைத் திறக்காதீர்கள்.

கிருமிநீக்கத்தில் வடிவம் கெட்டுப்போகுமா?

கெடும், அதுவும் கண்ணுக்குத் தெரியாமல். ஆட்டோகிளேவின் 121 டிகிரி, பாலிஸ்டைரீன் (சுமார் 100), அக்ரிலிக் பிளாஸ்டிக்கான பிஎம்எம்ஏ (சுமார் 105) இரண்டின் இளகும் வெப்பநிலையையும் தாண்டியது. தட்டு வெளியே வளையாமல் இருந்தாலும் நானோ மேடுகள் உருகிச் சமமாகியிருக்கும். பிறகு 'விளைவே இல்லை' என்று குழம்புவீர்கள். 70 சதவீத எத்தனாலில் 20-30 நிமிடம் பாலிஸ்டைரீனுக்கும் பிடிஎம்எஸ்ஸுக்கும் பொருந்தும். பிஎம்எம்ஏவில் எத்தனால் நுண்விரிசல் உண்டாக்கலாம். புற ஊதா ஒளி எளிது, ஆனால் பாலிமரின் மேற்பரப்பை ஆக்ஸிஜனேற்றும். தட்டை மாதிரிக்கும் அதே நேரம் காட்டுங்கள். எந்த முறையானாலும் கிருமிநீக்கத்துக்குப் *பின்* ஒரு மாதிரியை நுண்ணோக்கியில் பாருங்கள். முன்பு எடுத்த படம் செல் பார்த்த பரப்பின் படமல்ல.

செல்கள் திட்டுத்திட்டாக ஒட்டுகின்றன. ஏன்?

பெரும்பாலும் காற்று. நீரை விலக்கும் பொருளில் நானோ பள்ளங்கள் இருந்தால் ஊடகம் மேடுகளின் மேல் மிதந்து நிற்கும்; பள்ளத்தில் காற்று சிறைப்படும். செல்லுக்கு அங்கே தரையே இல்லை. சாய்த்துப் பார்த்தால் வெள்ளிபோல மின்னும் இடங்கள் அதற்கு அடையாளம். முதலில் எத்தனாலில் நனைத்து, உலர விடாமல் படிப்படியாக உப்புக்கரைசலாலும் பிறகு ஊடகத்தாலும் மாற்றுங்கள். அல்லது 30 நொடி ஆக்ஸிஜன் பிளாஸ்மா கொடுங்கள். அளவுக்கு மிஞ்சினால் பிளாஸ்மாவே பாலிமரை அரித்து மேடுகளைக் குறைக்கும். பிடிஎம்எஸ்ஸில் பிளாஸ்மாவின் பலன் சில மணி நேரத்திலிருந்தே மங்கத் தொடங்கும். காட்டிய உடனே நீருக்குள் போடுங்கள்.

இன்னொரு காரணம், பிடிஎம்எஸ்ஸின் அடர்த்தி கிட்டத்தட்ட நீரின் அளவுதான்; மேற்பரப்பும் நீரை விலக்கும் என்பதால் எளிதில் மிதக்கும். துண்டு மிதந்தால் செல்கள் அடியில் உள்ள தட்டில் போய் வளரும். கண்ணாடித் துண்டில் ஒட்டிய பிறகு வளர்ப்புக்குழியில் இறக்குங்கள்.

எத்தனை செல் விதைக்க வேண்டும்?

வடிவத்துக்கு ஒவ்வொரு செல்லும் தனியாகக் காட்டும் பதில்தான் வேண்டும் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 1,000 முதல் 5,000. நெருக்கமானால் செல்கள் பக்கத்துச் செல்லைப் பார்த்தே திரும்பும். ஃபைப்ரோபிளாஸ்ட்கள் நெருக்கமாக நிறைந்தால் தட்டைத் தரையிலும் வரிசையாகும்; அதை வாய்க்காலின் சாதனை என்று எழுதிவிட வாய்ப்புண்டு. விதைத்த பின் தட்டை வட்டமாகச் சுழற்றாதீர்கள், செல்கள் நடுவில் குவியும். முன்பின்னாகவும் இடவலமாகவும் அசைத்து, அறை வெப்பத்தில் 15 நிமிடம் விட்டு, பிறகு இன்குபேட்டருக்குள் வையுங்கள்.

ஒட்டலைப் பார்க்க 1 முதல் 4 மணி நேரம், திசையமைவைப் பார்க்க 24 மணி நேரம், எலும்புத் தாது படிவதைப் பார்க்க 21 முதல் 28 நாள்.

பரப்பை அளப்பதில் என்ன பிழை வரும்?

அணுவிசை நுண்ணோக்கியின் முனை சுமார் 10 நானோமீட்டர் ஆரமும் கூம்பு வடிவமும் கொண்டது. 100 நானோமீட்டர் அகலம், 300 நானோமீட்டர் ஆழம் என்ற வாய்க்காலின் அடியை அது தொடாது. 'வி' வடிவப் பள்ளமாகக் காட்டி, ஆழத்தைக் குறைத்துச் சொல்லும். அத்தகைய பரப்பை உடைத்து வெட்டுமுகத்தை மின்னணு நுண்ணோக்கியில் பாருங்கள், அல்லது அச்சை அளந்து பாருங்கள்.

செல்லோடு சேர்த்து மின்னணுப் படம் எடுக்கும்போது 2.5 சதவீத குளூட்டரால்டிஹைடில் நிலைப்படுத்தி, எத்தனால் படிகளில் நீர் நீக்கி, மாறுநிலைப் புள்ளியில் உலர்த்துவது வழக்கம். சும்மா காற்றில் உலர்த்தினால் ஃபிலோபோடியா சுருங்கி ஒடியும். தங்கப்பூச்சு 10 நானோமீட்டர் தடித்தால் 15 நானோமீட்டர் அமைப்புகள் படத்தில் காணாமல் போகும், 2-5 போதும்.

எண்ணிக்கையும் புள்ளியியலும்?

திசையமைவுக்கு, வாய்க்காலிலிருந்து 10 டிகிரிக்குள் இருக்கும் செல்களின் சதவீதத்தைச் சொல்வது வழக்கம். எந்தத் திசையும் இல்லாமல் சிதறிய செல்களிலும் 11 சதவீதம் அந்த வரம்புக்குள் விழும். உங்கள் எண் 15 என்றால் மகிழ வேண்டாம். 200 செல் அளந்தாலும் அவை ஒரே துண்டில் இருந்தால் மாதிரி எண்ணிக்கை 1 தான். தனித்தனி நாளில், தனித்தனியாகச் செய்த துண்டுகளில், குறைந்தது மூன்று முறை.

டிரிப்சின் என்ற நொதியால் செல்களைப் பிரித்து எண்ணுவதில் ஒரு பொறி: நானோ பரப்பைச் செல்கள் இறுகப் பிடித்திருந்தால் எல்லாம் கழன்று வராது, ஒட்டல் அதிகமான பரப்பே எண்ணிக்கை குறைவானதாகத் தோன்றும். பிரித்த பின் துண்டை உட்கருச் சாயமிட்டுப் பாருங்கள். உயிருள்ள செல்களை நிறத்தால் அளக்கும் எம்டிடி போன்ற சோதனைகளில் நுண்துளைப் பரப்பு சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும். செல் இல்லாத துண்டையும் ஒன்று சேர்த்து ஓட்டுங்கள். சோதனைக்கு முன் துண்டைப் புதுக் குழிக்கு மாற்றாவிட்டால், சுற்றியுள்ள பிளாஸ்டிக்கில் வளர்ந்த செல்களையும் சேர்த்தே அளப்பீர்கள்.

கூரான நானோ ஊசிகள் பாக்டீரியாவைக் கொல்கின்றனவே, விலங்குச் செல்லைக் கொல்லாதா?

சில்வண்டு, தட்டான் இறகுகளின் நானோ கூர்முனைகளும், அவற்றைப் போன்ற கருஞ்சிலிக்கானும் பாக்டீரியாவைச் சிதைப்பது உண்மை. பாக்டீரியா 1-2 மைக்ரான் அளவில், விறைப்பான சுவரோடு இருக்கிறது. முனைகளுக்கிடையே இழுபடும்போது சுவர் கிழிகிறது. விலங்குச் செல்லின் சவ்வு நெகிழ்வானது, மடிப்புகளில் மிச்சச் சவ்வு உண்டு. பாரமும் நூற்றுக்கணக்கான முனைகளில் பகிரப்படுகிறது. முனைகள் நெருக்கமாக இருந்தால் செல் அவற்றின் உச்சியில் படுத்திருக்கும். இடைவெளி அகன்றால் தூண்களைத் தன் சவ்வால் போர்த்திக்கொண்டு அடித்தளத்துக்கு இறங்கும்.

உயரமான தூண்களில் செல் சுருங்கிவிட்டது. வடிவத்தின் விளைவுதானே?

விறைப்பின் விளைவாகவும் இருக்கலாம். ஒரு தூணின் வளைவு எதிர்ப்பு விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்திலும் உயரத்தின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். உயரத்தை இரட்டித்தால் தூண் 8 மடங்கு தளரும்; விட்டத்தைப் பாதியாக்கினால் 16 மடங்கு. 2 மெகாபாஸ்கல் விறைப்புள்ள பிடிஎம்எஸ்ஸில் 500 நானோமீட்டர் விட்டம், 2 மைக்ரான் உயரம் கொண்ட தூண் ஒரு மைக்ரான் வளைய ஏறத்தாழ 2.3 நானோநியூட்டன் போதும். ஓர் ஒட்டுப்புள்ளி எளிதாகக் கொடுக்கும் விசைதான் அது. செல் அங்கே மெத்தென்ற தரையை உணர்கிறது. அதே அளவுத் தூணைச் சிலிக்கானிலும் செய்து ஒப்பிட்டால், எது வடிவம், எது மென்மை என்று தெரிந்துவிடும்.

தட்டில் கிடைத்த முடிவு உடலுக்குள் பொருந்துமா?

பாதி வழி வரை. உடலில் பொருத்தப்பட்ட உலோகத்தைத் தொடும் முதல் செல்கள் எலும்புச் செல்களாக இருப்பதில்லை. முதலில் வருபவை இரத்தம், அதன் உறைவு, பிறகு மேக்ரோஃபேஜ்கள் (அந்நியப் பொருளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள்). எனவே எலும்பு சார்ந்த பரப்பைச் சோதிப்பவர்கள் மேக்ரோஃபேஜ்களை அதே துண்டில் தனியே வளர்த்துப் பார்ப்பதும், சீரத்துக்குப் பதில் இரத்தப் பிளாஸ்மாவில் நனைத்த துண்டையும் ஒரு வரிசையாகச் சேர்ப்பதும் நல்லது. திருகும்போது உராய்வில் நானோ அடுக்கு உரிகிறதா என்பதை எலும்புக்கு ஒப்பான நுரைப்பொருளில் திருகி, வெளியே எடுத்து, மின்னணு நுண்ணோக்கியில் பார்த்துவிடலாம். நீளமான நானோகுழாய்கள் இந்தச் சோதனையில் முதலில் தோற்கும். குட்டையான, உலோகத்தோடு உறுதியாகப் பிணைந்த குழாய்கள் தாங்கும்.